தகரப்பெட்டியில் கிடந்த ஓய்வூதியம்

மைசூர் விஜயநகர் மூன்றாம் ஸ்டேஜில் நான் குடியிருக்கும் தெருவில் அறுபதைக் கடந்த ஓர் அம்மையார் வசிக்கிறார். சேலம் பக்கத்திலிருந்து மணமாகி வந்தவர். சென்ற ஆண்டு ஒரு மாலையில் பழைய தகரப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "தம்பி, நீங்க பழைய காகிதமெல்லாம் படிக்கிறவராச்சே. இதுல ஏதாவது இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

அவருடைய கணவர் இந்நகரின் பொறியியல் தொழிற்சாலை ஒன்றில் 1979 முதல் 1998 வரை வேலை பார்த்தவர். ஆலை மூடப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து, ஐம்பத்திரண்டு வயதில், அவரும் மறைந்தார். உடன் வேலை பார்த்த ஒருவரின் மனைவிக்கு மாதந்தோறும் ஏதோ பணம் வருகிறது என்று கோயில் வாசலில் யாரோ சொல்லக் கேட்டுத்தான் பெட்டியைத் திறந்திருக்கிறார். "பி.எஃப் பணத்தை அவர் அப்பவே வாங்கிட்டாரே, இன்னும் என்ன இருக்கப் போவுது?" என்ற ஐயமும் அவருக்கு இருந்தது.

நிறுவனத்தின் பெயரை இங்கே நான் குறிப்பிடப் போவதில்லை. அது ஒரு நிறுவனத்தின் கதை மட்டும் அன்று. ஆனால் அம்மையாரின் ஐயத்துக்கு விடை தேடியபோது, நம் நாட்டில் ஆலைத் தொழிலாளியின் முதுமைக்கான பணம் எப்படி உருவானது, அது எங்கே தொலைகிறது என்ற வரலாறு முழுவதையும் புரட்ட நேர்ந்தது. அதைப் பதிவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். பி.எஃப் என்று நாம் சொல்லும் வருங்கால வைப்பு நிதி வேறு, ஓய்வூதியம் வேறு. சம்பளச் சீட்டில் இரண்டும் ஒரே பிடித்தமாகத் தோன்றுவதால் தொழிலாளிகளும் அவர்கள் குடும்பத்தாரும் இரண்டையும் ஒன்றெனவே எண்ணுகிறார்கள். இந்தக் குழப்பம் அறியாமையால் மட்டும் விளைந்ததன்று. சட்டம் வளர்ந்த முறையிலேயே அதன் வேர் இருக்கிறது.

மைசூர் சமஸ்தானம் தன் ஊழியர்களின் முதுமையைப் பற்றி முன்கூட்டியே சிந்தித்த அரசுகளுள் ஒன்று. 1891-லேயே அரசு ஊழியர்களுக்கான ஆயுள் காப்பீட்டு நிதியை அது தொடங்கியது. இன்றைய கர்நாடக அரசுக் காப்பீட்டுத் துறையின் தொடக்கம் அதுவே. கச்சேரியில் எழுத்தராக இருந்தவருக்கு ஓய்வூதியமும் உண்டு, காப்பீடும் உண்டு. ஆலையில் தறி ஓட்டியவருக்கும் பட்டறையில் இரும்பு அடித்தவருக்கும் அத்தகைய உரிமை எதையும் சட்டம் வழங்கவில்லை. சில நிறுவனங்கள் தாமாக முன்வந்து வைப்பு நிதி நடத்தின. 1925-ஆம் ஆண்டின் வைப்பு நிதிச் சட்டமும் இருக்கின்ற நிதிகளுக்குப் பாதுகாப்பளித்ததே தவிர, நிதி தொடங்கும்படி எந்தத் தனியார் முதலாளியையும் கட்டாயப்படுத்தவில்லை.

விடுதலைக்குப் பிறகுதான் அந்தக் கட்டாயம் வந்தது. 1951 நவம்பர் 15 அன்று அவசரச் சட்டமாகப் பிறப்பிக்கப்பட்டு, 1952-இல் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டமாக அது நிறைவேறியது. தொடக்கத்தில் ஆறு தொழில்களுக்கு மட்டுமே பொருந்தியது: சிமெண்ட், சிகரெட், பொறியியல் பொருள்கள், இரும்பு எஃகு, காகிதம், நெசவு. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளே அதன் வரம்புக்குள் வந்தன; பின்னர் அந்த எண்ணிக்கை இருபதாகக் குறைந்தது. தொழிலாளியும் முதலாளியும் ஊதியத்தில் தலா 6.25 விழுக்காடு செலுத்தினர். ஓய்வு பெறும்போது வட்டியுடன் மொத்தமாகக் கையில் வரும். ஆனால் மாதந்தோறும் வருமானம் தரும் ஏற்பாடு அதில் இல்லை. தொழிலாளி இளமையில் இறந்தால், அதுவரை சேர்ந்திருந்த சிறு தொகையே குடும்பத்தின் கையில் மிஞ்சும்.

அந்தக் குறையை நிரப்ப 1971 மார்ச் 1 அன்று குடும்ப ஓய்வூதியத் திட்டம் வந்தது. தொழிலாளி, முதலாளி இருவரின் பங்கிலிருந்தும் ஊதியத்தில் 1.16 விழுக்காடு வீதம் அதற்குத் திருப்பப்பட்டது. மைய அரசும் அதே அளவு சேர்த்தது. பணியில் இருக்கும்போது தொழிலாளி இறந்தால் மனைவி மக்களுக்கு மாதந்தோறும் சிறு தொகை கிடைக்கும். உயிரோடு ஓய்வு பெறுபவருக்கு அதில் மாத வருமானம் கிடையாது. அந்த நாளுக்குப் பின் வைப்பு நிதியில் சேர்ந்த ஒவ்வொருவரும் இந்தத் திட்டத்திலும் தாமாகவே உறுப்பினர் ஆனார்கள். 1979-இல் வேலைக்குச் சேர்ந்த நம் அம்மையாரின் கணவரும் அப்படித்தான் உறுப்பினரானார். ஆயினும் தாம் இரண்டு திட்டங்களில் இருப்பது அவருக்குக் கடைசி வரை தெரிந்திருக்காது.

மூன்றாவது அடுக்கு 1995 நவம்பர் 16 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம். பழைய குடும்ப ஓய்வூதியம் இதனுள் கரைந்தது. முதலாளியின் பங்கிலிருந்து 8.33 விழுக்காடு நேராக ஓய்வூதிய நிதிக்குச் சென்றது. பத்தாண்டு பணி முடித்தவருக்கு 58 வயதில் மாத ஓய்வூதியம். அவர் இறந்தால் மனைவிக்கு, அவர்கள் பிள்ளைகளுக்கு. கணக்கு எளிமையானது: ஓய்வூதியத்துக்குரிய ஊதியத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். பத்தாண்டுக்குக் குறைவாகப் பணியாற்றியவர் தம் பங்கைத் திரும்பப் பெறலாம், அல்லது திட்டச் சான்றிதழ் வாங்கி அடுத்த வேலையின் பணிக்காலத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். பத்தாண்டைக் கடந்தவர் ஓய்வூதியப் பங்கை மொத்தமாக எடுக்க முடியாது.

இந்த இறுதி விதியில்தான் அம்மையாரின் கேள்விக்கு விடை இருந்தது. ஆலை மூடியபின் அவர் கணவர் பெற்றது வைப்பு நிதிப் பணத்தை மட்டுமே. பத்தொன்பது ஆண்டுப் பணிக்கான ஓய்வூதியத்தை அவரே விரும்பியிருந்தாலும் எடுத்திருக்க முடியாது. யாரும் கேட்டு வராததால் அது அங்கேயே கிடந்தது. 58 வயதுக்கு முன் அவர் இறந்துவிட்டாலும், ஓய்வூதியத்துக்குப் போதுமான பணியை முடித்திருந்ததால், இறந்த மறுநாளிலிருந்தே மனைவிக்கு உரிமை பிறந்துவிட்டது.

தொகை பெரிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். 1995 நவம்பருக்கு முந்திய பணிக்காலத்துக்குச் சட்டம் வைத்த மதிப்பைப் பாருங்கள். பதினோரு ஆண்டு வரை மாதம் 80 அல்லது 85 ரூபாய். பதினைந்து வரை 95 அல்லது 105. இருபது வரை 120 அல்லது 135. அதற்கும் மேல் எத்தனை ஆண்டானாலும் 150 அல்லது 170. ஊதியம் 2,500 ரூபாய் வரை இருந்தால் முதல் தொகை, மிகுந்தால் இரண்டாவது. 58 வயதை எட்ட எஞ்சியிருக்கும் ஆண்டுகளுக்கேற்ப ஒரு காரணியால் அது பெருக்கப்படும். இரண்டு தலைமுறைத் தொழிலாளரின் இளமைக்காலம் முழுவதும் இந்தச் சிறு அட்டவணைக்குள் அடங்கிவிட்டது. 2014 செப்டம்பரில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. அதை 7,500 ரூபாயாக்கக் கோரி இத்திட்டத்தின் ஓய்வூதியர்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். ஆயினும் மருந்துக் கடைக்குப் பிள்ளைகளிடம் கை நீட்டும் ஒருவருக்கு ஆயிரம் ரூபாய் என்பது என்ன என்று நாம் வெளியிலிருந்து அளக்க இயலாது.

இனி, தொலைவது எது என்ற கேள்விக்கு வருவோம். அதற்கு இரு ஆலைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது உதவும்.

விஜயநகரை அடுத்து, ரயில் நிலையத்தை நோக்கிச் செல்லும் வழியில் இருப்பது யாதவகிரி. செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா நிறுவனத்தோடு இணைந்து இரானி குடும்பத்தார் நிறுவிய ஐடியல் ஜாவா மோட்டார் சைக்கிள் ஆலை அங்கேதான் இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் ஜெயசாமராஜேந்திர உடையார் திறந்து வைத்த அந்த ஆலையிலிருந்து ஜாவாவும், பின்னர் யெஸ்டியும் நாடெங்கும் சென்றன. 1980-களில் ஜப்பானியக் கூட்டில் வந்த எரிபொருள் சிக்கனமான வண்டிகளோடு போட்டியிட முடியாமலும், புதிய மாசுக் கட்டுப்பாடுகளுக்கு ஈடு கொடுக்க முடியாமலும் 1996-இல் அது மூடப்பட்டது. பின்னர் நிறுவனம் நீதிமன்றத்தின் வழியே கலைப்புக்குச் சென்றது. யெஸ்டி என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு, ஆலை மூடிக் கால் நூற்றாண்டு கழிந்த பின்னும், கர்நாடக உயர்நீதிமன்றத்தில் நடந்தது. 2022 டிசம்பரில் தனி நீதிபதி, பெயர் கலைப்பில் இருக்கும் நிறுவனத்துக்கே உரியது என்று தீர்ப்பளித்தார். வழக்கு மேல்முறையீட்டுக்கும் சென்றது. மூடிய ஆலையின் பெயருக்குக்கூட விலையும் வாரிசும் உண்டு என்பதை இந்த வழக்கு காட்டியது.

மற்றொன்று அமெரிக்காவின் சவுத் பெண்ட் நகரத்து ஸ்டூடிபேக்கர் கார் ஆலை. 1963 டிசம்பரில் அது மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஓய்வூதிய நிதி நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தது. அதில் போதிய பணம் இல்லை. அறுபது வயதை எட்டியிருந்தவர்கள் முழுத்தொகை பெற்றனர். நாற்பதிலிருந்து ஐம்பத்தொன்பது வயதுக்குள், பத்தாண்டு பணி முடித்திருந்த நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர்க்குத் தமக்கு உரியதில் ஏறத்தாழ 15 விழுக்காடே கிடைத்தது. இளையவர்களுக்கு ஒன்றுமில்லை. அந்த அதிர்ச்சியின் விளைவுகளுள் ஒன்றாகவே 1974-இல் அமெரிக்கா தொழிலாளர் ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது.

இந்தியாவில் நிலைமை அடிப்படையிலேயே வேறு. இங்கே ஓய்வூதிய நிதி முதலாளியிடம் இல்லை. சட்டம் அமைத்த பொது நிதியில் இருக்கிறது. தமக்கென அறக்கட்டளை வைத்து வைப்பு நிதியை நடத்திக்கொள்ள அனுமதி பெற்ற பெரிய நிறுவனங்கள்கூட ஓய்வூதியப் பங்கைப் பொது நிதிக்கே செலுத்தின. ஆகவே ஆலை மூடினாலும் ஓய்வூதியம் மூழ்குவதில்லை. சவுத் பெண்டில் பணமே தொலைந்தது. நம் ஊரில் தொலைவது பணத்துக்கும் ஆளுக்கும் இடையிலான இணைப்பு, அதாவது காகிதம்.

அந்தக் காகிதச் சங்கிலி எப்படிப்பட்டது என்று பார்ப்போம். புதிதாகச் சேர்ந்தவர்களின் பெயர்களை நிறுவனம் 5-ஆம் எண் படிவத்தில் அனுப்பும். விலகியவர்களை 10-ஆம் எண் படிவத்தில். ஆண்டுதோறும் ஒவ்வொருவருக்கும் 3ஏ என்ற அட்டை, அனைவருக்கும் சேர்த்து 6ஏ என்ற பட்டியல். நிதி அலுவலகம் அவற்றைப் பேரேட்டில் ஏற்றி, தொழிலாளிக்கு ஆண்டுக் கணக்குச் சீட்டு ஒன்றை நிறுவனத்தின் வழியாகவே அனுப்பும். இவை அனைத்தையும் இணைப்பது ஒரே ஓர் எண். பழைய காலத்தில் கர்நாடகத்துக்குரிய கே.என் என்ற எழுத்துகள், அதன்பின் நிறுவனத்தின் குறி எண், கடைசியில் தொழிலாளியின் எண்.

இந்த ஏற்பாட்டில் தொழிலாளி எங்கும் நேராக அலுவலகத்தோடு பேசுவதில்லை. எல்லாம் நிறுவனத்தின் வழியாகவே. நிறுவனம் உயிரோடு இருக்கும்வரை இதில் இடர் தெரியாது. அது மறையும்போது ஆளுக்கும் எண்ணுக்கும் இடையில் நின்றிருந்த ஒரே சாட்சி மறைந்துவிடுகிறது. ஊர் மாறினாலும் வேலை மாறினாலும் தொழிலாளியோடு செல்லும் பொதுக் கணக்கு எண் 2014-இல்தான் வந்தது. அதற்கு முன் வேலையை விட்டவர்களுக்கு அந்த எண் இல்லை. பலருக்கு இன்றும் இல்லை.

பெயர் மற்றொரு சிக்கல், அதிலும் கர்நாடகத்துத் தமிழருக்குச் சற்றுக் கூடுதலாக. கோலார் தங்கவயல் இதற்கு நல்ல உதாரணம். வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்று தலைமுறைகளாகச் சுரங்கத்தில் உழைத்த தமிழர்கள் அங்கே வாழ்ந்தார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அத்தகைய ஊர்களில் முனுசாமி என்று வீட்டில் அழைக்கப்பட்டவர், ஆங்கிலத்தில் எழுதிய எழுத்தரின் பதிவேட்டில் முனிசாமி ஆகலாம். கன்னட வழக்கு தெரிந்த எழுத்தரின் கையில் முனிஸ்வாமி ஆகலாம். குடும்பப்பெயர் என்ற ஒன்று இல்லாததால் தந்தையின் பெயர் ஒரு பதிவேட்டில் முன்னெழுத்தாக நிற்கும், மற்றொன்றில் முழுப்பெயராக நீளும், மூன்றாவதில் இருக்கவே இருக்காது. வாழ்ந்த காலத்தில் இவையெல்லாம் ஒரே மனிதர்தான். இறந்தபின் அவை மூன்று பேரின் பெயர்களாகி, மனைவி சத்தியப் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுக்கும்படி ஆகிறது.

சேர்ந்த ஆண்டும் பொருந்துவதில்லை. தொடக்க காலங்களில் ஓராண்டு தொடர்ந்த பணிக்குப் பின்னரே வைப்பு நிதியில் உறுப்பினராக முடிந்தது. புதிதாகத் தொடங்கிய நிறுவனங்களுக்கு மூன்றாண்டு விலக்கும் நெடுங்காலம் இருந்தது. 1997-இல்தான் அது நீக்கப்பட்டது. எனவே "எழுபத்தஞ்சுல சேந்தேன்" என்று தொழிலாளி சொல்வதும், பதிவேடு எழுபத்தேழு என்று காட்டுவதும் இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

முதலாளி பிடித்தம் செய்துவிட்டு நிதியில் கட்டாமல் விட்டிருந்தால் என்ன ஆகும்? மூடும் தறுவாயில் இருந்த ஆலைகள் பலவற்றில் இது நடந்ததால் தொழிலாளிகளுக்கு இந்த அச்சம் மிகுதி. 1995-ஆம் ஆண்டுத் திட்டம் 'பங்களிப்புப் பணிக்காலம்' என்ற சொல்லை வரையறுக்கும் இடத்தை இதற்காகவே கவனமாகப் படிக்க வேண்டும். நிதிக்குரிய பங்கு பெறப்பட்டதாகவோ, பெறப்பட வேண்டியதாகவோ உள்ள பணிக்காலம் என்பதே அதன் பொருள். பெறப்பட வேண்டிய என்ற அந்த ஒரு சொல், முதலாளியின் கடனைத் தொழிலாளியின் தலையில் ஏற்றாமல் தடுக்கிறது. கட்டாததை வசூலிப்பது அலுவலகத்தின் பொறுப்பு. சட்டத்தின் 11-ஆம் பிரிவு மற்ற கடன்களை விட இந்த நிலுவைக்கு முன்னுரிமை தந்தது. 1985-இல் திருத்தப்பட்ட கம்பெனிகள் சட்டமும் கலைப்பின்போது தொழிலாளரின் நிலுவையை, ஈடு பெற்றுக் கடன் கொடுத்த வங்கிகளுக்கு இணையாக நிறுத்தியது. உழைத்ததை மெய்ப்பித்தால் போதும். முதலாளி கட்டியதை மெய்ப்பிக்க வேண்டிய கடமை தொழிலாளிக்கு இல்லை.

ஆனால் உழைத்ததை மெய்ப்பிக்கவும் காகிதம் வேண்டுமே. அதற்காகவே தகரப்பெட்டியைத் தரையில் கவிழ்த்து நானும் அம்மையாரும் அமர்ந்தோம்.

திருமண அழைப்பிதழ், எல்.ஐ.சி ரசீதுகள், இ.எஸ்.ஐ அட்டை, ஆயுதபூசை அன்று ஆலை வாசலில் எடுத்த புகைப்படம். அடியில், 1990-ஆம் ஆண்டை ஒட்டிய ஒரு கணக்குச் சீட்டு. கறையான் அரித்து, எண் இருக்க வேண்டிய மூலையே இல்லை. பக்கத்தில் ஒரு சம்பளச் சீட்டு. அதில் பி.எஃப் எண் என்ற தலைப்பின் கீழ் தொழிலாளியின் எண் மட்டும் இருந்தது; நிறுவனக் குறி எண் இல்லை. பூட்டு ஓரிடத்திலும் சாவி ஓரிடத்திலும் கிடந்த கதை.

புகைப்படம்தான் வழி காட்டியது. அதில் இருந்தவர்களுள் ஒருவர் இப்போது ஹினகலில் இருக்கிறார் என்று அம்மையார் சொன்னார். விஜயநகரிலிருந்து நடக்கும் தொலைவுதான். அவர் தம் சீட்டுகள் அனைத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்தியிருந்தார். ஒரே ஆலை என்பதால் நிறுவனக் குறி எண் இருவருக்கும் ஒன்றே. அவருடைய எண்ணின் முற்பகுதியையும் சம்பளச் சீட்டின் பிற்பகுதியையும் சேர்த்தபோது முழு எண் கிடைத்தது. "அவன் என் பக்கத்து மெஷின்தாம்மா. இத நீ பத்து வருசத்துக்கு முன்னாடியே கேட்டிருக்கலாமே" என்று அவர் அம்மையாரிடம் சொன்னார். அம்மையார் பதில் சொல்லவில்லை.

அந்த எண்ணை வைத்துத் தேடியபோது பதிவு கிடைத்தது. பெயரில் ஓரெழுத்து மாறியிருந்தது. தந்தை பெயரின் இடத்தில் ஊர்ப்பெயர் இருந்தது. இரண்டுக்கும் பிரமாணப் பத்திரம் தேவைப்பட்டது. ஓய்வூதியம் கோரும் 10டி படிவத்தில் நிறுவனம் சான்றளிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நிறுவனமே இல்லையென்றால் அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியோ வங்கி மேலாளரோ அங்கே கையொப்பமிடலாம் என்பது பலருக்குத் தெரியாது. அது தெரியாமல், ஒருபோதும் திறக்கப் போகாத ஆலையின் வாசலில் முத்திரைக்காக நின்றவர்களை நான் அறிவேன். சில மாதங்கள் கழித்து, குறைந்தபட்சத் தொகையை ஒட்டிய ஓய்வூதியத்துக்கான ஆணை அம்மையாருக்கு வந்தது. அதை அவர் பெட்டியில் வைக்கவில்லை. பூசையறையில் வைத்திருக்கிறார்.

1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்சநீதிமன்றம், ஓய்வூதியம் என்பது முதலாளி மனமிரங்கித் தரும் கொடை அன்று, உழைத்து ஈட்டிய உரிமை என்று நிலைநாட்டியது. அந்த வழக்கு அரசு ஊழியர்களுடையது. அவர்களுக்குப் பணிப்பதிவேட்டை அரசே காத்து வைக்கிறது. தனியார் ஆலைத் தொழிலாளிக்கு உரிமை இருந்தும் பதிவேடு இல்லை. அவருடைய உரிமை தகரப்பெட்டியின் ஆயுளைப் பொறுத்திருக்கிறது. பிரிட்டனில் பழைய முதலாளியின் பெயரைச் சொன்னால் ஓய்வூதிய நிதியின் முகவரியைத் தேடித் தர அரசே இலவசச் சேவை நடத்துகிறது. அமெரிக்கத் தொழிலாளர் துறை 2024 டிசம்பரில் தொலைந்த ஓய்வூதியங்களுக்கான தேடுதளம் ஒன்றைத் திறந்தது. நம்மிடம் அதைவிட உறுதியான நிதி அமைப்பு இருக்கிறது. மூடிய ஆலைகளின் 3ஏ அட்டைகளையும் 6ஏ பட்டியல்களையும் தேடத்தக்க வடிவில் ஏற்றி, உரியவரைத் தேடிச் செல்லும் முயற்சியே வேண்டும்.

வரலாற்று ஆய்வாளர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. ஆலைகளின் வரலாற்றை நாம் பெரும்பாலும் நிறுவனர்களின் வாழ்க்கை வழியாகவும் தயாரித்த பொருள்களின் பெருமை வழியாகவுமே எழுதி வந்திருக்கிறோம். யெஸ்டி வண்டியைப் பேணிக் காக்கும் அன்பர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். மூடிய ஆலைகளின் சம்பளப் பதிவேடுகளோ எடைக்குப் போகின்றன. அவற்றில் யார் எந்த ஆண்டு சேர்ந்தார், எவ்வளவு ஈட்டினார், எந்த ஊர்க்காரர் என்பதெல்லாம் இருக்கும். ஆய்வாளருக்கு அது சான்று. ஒரு விதவைக்கு அது மாத வருமானம்.

இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரேனும் மூடிப்போன ஆலையில் பத்தாண்டுக்கு மேல் வேலை செய்திருந்தால், பி.எஃப் பணத்தை வாங்கியாயிற்று என்பதோடு நின்றுவிடாதீர்கள். ஓய்வூதியம் தனி. கணக்குச் சீட்டு இல்லையென்றால் சம்பளச் சீட்டைத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் உடன் உழைத்தவர் ஒருவரின் எண்ணைத் தேடுங்கள். அவர்களும் முதியவர்கள். ஹினகல் பெரியவருக்கு இப்போது வயது எழுபத்தாறு.